டிரைவரைத் தண்டித்தால் விபத்து குறையுமா?

ஒரு காலத்தில் மும்பைத் தமிழர்களுக்கு ஊர்ப்பயணம் என்றால் தாதர் எக்ஸ்பிரஸ்தான். டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, புளியோதரை கட்டிக்கொண்டு, ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தோம். இன்று நிலைமை மாறிவிட்டது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காலையில் தொலைபேசி வந்தால் மாலைக்குள் சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ இறங்கி நிற்கிறோம். செம்பூரிலும் முலுண்டிலும் தாராவியிலும் வசிக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் விமானப் பயணம் எட்டியிருக்கிறது. மகிழ வேண்டிய விஷயம்தான்.

விமான விபத்து என்றதும் நம் மனம் ஆகாயத்தைத்தான் நினைக்கிறது. எஞ்சின் கோளாறு, புயல், மூடுபனி என்றெல்லாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் விமானம் தரையில் நிற்கும்போதும், தரையில் நகரும்போதும், தரையை விட்டு எழும் அந்தச் சில நொடிகளிலும் வேறோர் ஆபத்து அதைச் சூழ்ந்திருக்கிறது. அதே தளத்தில் ஓடும் பஸ், ஜீப், டிராக்டர், எண்ணெய் லாரி போன்ற வண்டிகளோடு மோதும் ஆபத்துதான் அது. நம் சங்கத்துக் குடும்பங்களில் சில பிள்ளைகள் விமான நிலையத்தில் வண்டி ஓட்டுகிறார்கள், பெட்டி ஏற்றுகிறார்கள். ஆகவே இது பயணிகளாகிய நமக்கும், பணியாளர்களாகிய அவர்களுக்கும் பொதுவான பிரச்சினை.

இப்படி ஒரு மோதல் நடந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும் செய்தியின் கடைசி வரியை அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். "டிரைவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்", அல்லது "டிரைவரிடம் விசாரணை நடைபெறுகிறது". அத்தோடு செய்தி முடிந்துவிடும். பிரச்சினையும் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது தவறு என்பது என் கருத்து. டிரைவரைத் தண்டிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் வரையில் இந்த விபத்துகள் குறையாது. தன்னால் நேர்ந்த தவற்றை அவரே பயமின்றி வந்து சொல்லக்கூடிய நிலை வந்தால்தான் குறையும். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவுரங்காபாத் சொல்லும் பாடம்

முதலில் நம் மராட்டிய மண்ணிலேயே நடந்த ஒரு துயரத்தை நினைவுகூர்வோம். 1993 ஏப்ரல் 26. டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர், உதய்ப்பூர் வழியாக அவுரங்காபாத் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம், பிற்பகலில் மும்பைக்குப் புறப்பட்டது. 118 பேர் அதில் இருந்தார்கள். ஓடுபாதையின் முடிவுக்கு அப்பால் பீட் நகருக்குச் செல்லும் பொதுச்சாலை. அந்த நேரத்தில் பருத்தி மூட்டைகளை உயரமாக ஏற்றிய ஒரு லாரி அச்சாலையில் போய்க்கொண்டிருந்தது. போதிய உயரம் எழும்பாத விமானத்தின் இடப்பக்கச் சக்கரப் பகுதியும் எஞ்சினின் அடிப்பாகமும் அந்த லாரியில் மோதின. தள்ளாடிப் பறந்த விமானம் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உயர் அழுத்த மின்கம்பிகளில் சிக்கி விழுந்தது. 55 பேர் மாண்டனர்.

விசாரணையில் இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. ஒன்று, விமானிகள் விமானத்தைத் தாமதமாகவும் தவறான முறையிலும் தூக்கியது. மற்றொன்று, விமானம் புறப்படும் நேரத்தில் அந்தச் சாலைப் போக்குவரத்தை நிறுத்த விமான நிலைய ஆணையம் தவறியது. இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். லாரி டிரைவர் யாரும் போகக்கூடிய பொதுச்சாலையில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ரயில் வரும்போது லெவல் கிராசிங்கில் கேட் மூடுகிறோமே, அப்படி ஓர் ஏற்பாடு அங்கே ஒழுங்காக நடக்கவில்லை. அன்று அந்த லாரி டிரைவரை மட்டும் பிடித்துத் தண்டித்திருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும்? அடுத்த நாள் வேறொரு லாரி அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்திருக்கும்.

விபத்தில் கடைசியாகக் கைபட்டவர் ஒருவர் இருப்பார். அந்த விபத்து நடக்க வழி செய்து வைத்தவர்கள் வேறு பலர் இருப்பார்கள். அவுரங்காபாத் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

சுவருக்கு உள்ளே

விமான நிலையத்தின் மதில் சுவருக்கு உள்ளே நிலைமை இன்னும் சிக்கலானது. ஒரு விமானம் வந்து நின்றதும் அதைச் சுற்றி எத்தனை வண்டிகள் வருகின்றன என்பதைச் சன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். படிக்கட்டு வண்டி, பயணிகள் பஸ், பெட்டிகளை இழுத்து வரும் டிராக்டர், அவற்றை மேலே ஏற்றும் பெல்ட் வண்டி, எண்ணெய் லாரி, உணவு ஏற்றும் உயர்த்தி வண்டி, குடிநீர் வண்டி, கழிவு அகற்றும் வண்டி, கடைசியாக விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் கனரக டிராக்டர். உள்நாட்டுப் பயணங்களில் இத்தனையும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் வந்து வேலை முடித்து விலக வேண்டும். அடுத்த விமானம் அதே இடத்துக்குக் காத்திருக்கும்.

இதற்கு விதிகள் இல்லாமல் இல்லை. உள்ளே வண்டி ஓட்டத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். வண்டிக்கும் தனி அனுமதி உண்டு. வண்டியின் தலையில் மஞ்சள் விளக்கு சுழல வேண்டும். நகரும் விமானத்துக்கு எல்லா வண்டிகளும் வழிவிட வேண்டும். ஓடுபாதைக்குள் போக வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் ரேடியோவில் கேட்டு, அனுமதி பெற்று, அந்த அனுமதியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே நுழைய வேண்டும். ஓடுபாதைக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடுகளும், வெள்ளை எழுத்துப் பொறித்த சிவப்புப் பலகையும் உண்டு. அதைத் தாண்டுவது வீட்டுக் கோலத்தைத் தாண்டுவது போன்றதல்ல. தண்டவாளத்தில் இறங்குவது போன்றது.

ஆனால் தாளில் எழுதிய விதிக்கும் தளத்தில் நடக்கும் வேலைக்கும் நடுவே பல இடைஞ்சல்கள். விமானியின் இருக்கையிலிருந்து மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. இறக்கைக்கு அடியில் போகும் சிறு வண்டியும் அவர் கண்ணில் படாது. தரையில் நிற்பவர் எஞ்சின் சத்தத்துக்காகக் காதை மூடியிருப்பதால் பின்னால் வரும் வண்டியின் ஒலி அவருக்குக் கேட்காது. மும்பை மழையில் தரைக்கோடுகள் தண்ணீருக்கு அடியில் மறைந்துபோகும். இரவில் ஈரத்தரையில் விளக்குகள் எல்லாம் பிரதிபலித்து, எது வண்டி விளக்கு, எது பாதை விளக்கு என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும். இத்தனைக்கும் மேலே, "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேற்பார்வையாளர் கையில் கடிகாரத்துடன் நிற்பார்.

நடந்தவை சில

கடந்த பத்தாண்டுகளில் நம் நாட்டில் நடந்தவற்றைப் பாருங்கள். 2015 டிசம்பர் 16 இரவு, நம் மும்பை விமான நிலையத்தில், ஐதராபாத் செல்லவிருந்த விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வேலை முடிந்து அது நகரத் தொடங்கிய வேளையில், பக்கத்தில் நின்ற தொழில்நுட்பப் பணியாளர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அடுத்த வாரமே, டிசம்பர் 22 அதிகாலையில், கொல்கத்தாவில் ஒரு பயணிகள் பஸ் நின்றுகொண்டிருந்த விமானத்தின் மீது போய் மோதியது. டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று அப்போது செய்தி வந்தது.

2020 பிப்ரவரி 15 அன்று புனேயில் டெல்லிக்குப் புறப்பட்ட விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்த பிறகு, எதிரே ஒரு ஜீப்பும் ஓர் ஆளும் இருப்பதை விமானி கண்டார். வழக்கத்துக்கு முன்னதாகவே விமானத்தைத் தூக்கினார். அதன் பின்பகுதி தரையில் உராய்ந்தது. நல்லவேளையாக டெல்லியில் பத்திரமாக இறங்கியது. 2022 ஆகஸ்ட் 2 அன்று டெல்லியில், பாட்னாவுக்குப் புறப்படவிருந்த விமானத்தின் மூக்குக்கு அடியில் வேறொரு விமான நிறுவனத்தின் கார் புகுந்து, முன் சக்கரத்தை இடிக்காமல் மயிரிழையில் நின்றது. 2025 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் ஒரு டெம்போ, நிறுத்தி வைத்திருந்த விமானத்தின் அடிப்பகுதியில் மோதியது. அங்கும் டிரைவர் தூங்கிவிட்டதாகவே செய்திகள் கூறின.

வெளிநாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2014 அக்டோபர் 20 இரவு, மாஸ்கோவின் வ்னூக்கவா நிலையத்தில் ஓடுபாதைக்குள் வந்துவிட்ட பனி அகற்றும் வண்டியில், புறப்பட்டுக்கொண்டிருந்த சிறு ஜெட் விமானம் மோதியது. பிரான்சின் டோட்டல் எண்ணெய் நிறுவனத் தலைவர் கிறிஸ்தோஃப் தெ மார்ஜெரியும் விமானப் பணியாளர் மூவரும் இறந்தனர். 2022 நவம்பர் 18 அன்று பெரு நாட்டின் லிமாவில் ஏர்பஸ் விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது, குறுக்கே வந்தது எது தெரியுமா? தீயணைப்பு வண்டி! எத்தனை விரைவாக வந்து சேர முடிகிறது என்று பார்ப்பதற்கான ஒத்திகையில் அது ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் இருந்த 108 பேரும் பிழைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் இருவர் அங்கேயே மாண்டனர். மூன்றாமவர் சில மாதங்கள் கழித்து இறந்தார். ஒத்திகை நடப்பது நிலையத்தாருக்கும் தெரியும், கோபுரத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். ஆனால் வண்டி ஓடுபாதைக்குள் நுழையலாமா கூடாதா என்பதில் இரு தரப்பாரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பாதுகாப்புக்காக நடத்திய ஒத்திகையே பலி வாங்கிவிட்டது.

தூக்கமும் அவசரமும்

மேலே சொன்னவற்றில் இரண்டு நிகழ்ச்சிகளில் டிரைவரின் தூக்கம் பேசப்பட்டதைக் கவனியுங்கள். தூங்கிய டிரைவர் மீது நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் அவர் ஏன் தூங்கினார் என்று ஒருவராவது கேட்டோமா? முந்தைய நாள் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்? எத்தனை மணிக்கு வீடு போனார்? ஆள் வராததால் இரட்டை ஷிப்ட் பார்த்தாரா? கல்யாண், விரார் போன்ற தொலைதூரத்திலிருந்து லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வருகிற ஒருவருக்கு, எட்டு மணி நேர வேலை என்பது உண்மையில் பன்னிரண்டு மணி நேரம் என்பதை மும்பைவாசிகளாகிய நாம் அறியாதவர்களா?

விமானிகளின் ஓய்வைப் பற்றி இந்நாட்டில் விதி உண்டு. அவர்களது வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி 2024ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதியை வெளியிட்டது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி நாமெல்லாம் அவதிப்பட்டபோது, அந்த ஓய்வு விதி பற்றி வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. நல்லதே. ஆனால் அதே விமானத்தின் இறக்கைக்குக் கையெட்டும் தூரத்தில் பல டன் எடையுள்ள வண்டியை ஓட்டுகிறவரின் தூக்கத்தைப் பற்றி அப்போது யார் பேசினார்கள்? மேலே இருப்பவர் கண்ணயர்ந்தாலும் ஆபத்து, கீழே இருப்பவர் கண்ணயர்ந்தாலும் ஆபத்து. ஒருவருடைய ஓய்வை மட்டும் நாட்டின் பிரச்சினையாகவும், மற்றவருடைய ஓய்வைக் காண்ட்ராக்டரின் சொந்த விவகாரமாகவும் கருதுவது என்ன நியாயம்?

மறைக்கப்பட்ட பள்ளம்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மோதிவிட்ட விஷயம் வெளியே தெரிந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. விமானத்தை நிறுத்தலாம், சோதிக்கலாம், பழுது பார்க்கலாம். தெரியாமலே போனால்?

2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அப்படித்தான் நடந்தது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் உடம்பில் ஒரு தரைப் பணியாளரின் வண்டி இடித்துவிட்டது. அவர் உடனே யாரிடமும் சொல்லவில்லை. விமானம் புறப்பட்டது. சுமார் 26,000 அடி உயரத்தில், இடிபட்ட இடம் பிய்த்துக்கொண்டு ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்குத் துளை விழுந்தது. உள்ளே காற்றழுத்தம் இறங்கி ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின. விமானி அவசரமாகக் கீழே இறக்கி, விமானத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததால் எல்லோரும் பிழைத்தனர். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் அந்நிறுவனம் அங்கே நெடுநாள் வேலை பார்த்த தன் சொந்தத் தரைப் பணியாளர்களை நீக்கிவிட்டு, அவர்கள் வேலையைக் காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்றிடம் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அது அலுமினிய விமானம். இன்று நாம் ஏறும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவற்றின் உடல் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது. அலுமினியத்தில் இடித்தால் பள்ளம் விழும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் இழையில் இடித்தால் மேற்பரப்பு பழையபடியே இருப்பதுபோல் தோன்றலாம், உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருக்கலாம். பொறியாளர் சுற்றி வந்து பார்த்தாலும் தப்பிவிடக்கூடும். ஆகவே, "இங்கே இடித்துவிட்டேன்" என்று டிரைவர் வந்து சொல்லும் ஒரு வார்த்தை எந்தக் கருவியை விடவும் மதிப்புள்ளதாகிவிட்டது.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்வாரா? இந்தத் துறையில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவனிடம் கேட்டேன். அவன் பெயரும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம், ஊரும் வேண்டாம். "அங்கிள், சொன்னால் அன்றைக்கே பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் போனால் வேலை போச்சு. ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் இருக்கு. சின்ன உரசல்தானேன்னு எவனும் வாயைத் திறக்க மாட்டான்" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் "சின்ன உரசல்" பட்ட விமானத்தில் நம் வீட்டுப் பெண்ணும் பேரக்குழந்தையும் ஏறிப் போகக்கூடும் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

தண்டனை வேண்டாமா?

"தண்டனையே இல்லையென்றால் எவன் ஒழுங்காக ஓட்டுவான்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடித்துவிட்டு ஓட்டுபவனை விட்டுவிடச் சொல்லவில்லை. வேண்டுமென்றே விதியை மீறுபவனையும், இடித்துவிட்டு மறைப்பவனையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தண்டனை வேண்டியதே. ஆனால் கவனமாக வேலை செய்தும் களைப்பாலோ, மழையாலோ, தவறாகக் காதில் விழுந்த ஒரு சொல்லாலோ தவறியவர் வேறு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சறுக்கியவர் தானாக வந்து சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்பதும், மறைத்து அகப்பட்டால் வேலை நிச்சயம் போகும் என்பதும் தெளிவான விதியாகிவிட்டால், யார்தான் மறைப்பார்?

இது என் சொந்தக் கற்பனையும் அல்ல. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நிறுவனம் இப்படியொரு முறையை நடத்தி வருகிறது. விமானி, கட்டுப்பாட்டாளர், பொறியாளர், தரைப் பணியாளர் என யாரும் தம் தவற்றையோ தாம் கண்ட குறையையோ எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்று செய்யாத, குற்றச்செயல் அல்லாத தவறு என்றால், பத்து நாட்களுக்குள் எழுதி அனுப்பியவருக்கு அபராதத்திலிருந்து பாதுகாப்பு கிடைக்க வழி உண்டு. அந்த வேலையை விதி வகுக்கும் துறையிடம் விடாமல் நாசாவிடம் கொடுத்ததே, பணியாளருக்கு நம்பிக்கை பிறக்க வேண்டும் என்பதற்காகத்தான். நம் நாட்டிலும் தாமாக முன்வந்து தெரிவிக்கும் ஏற்பாடு இயக்குநரகத்தில் உண்டு. ஆனால் அது காண்ட்ராக்ட் டிரைவர் வரை இறங்கி வந்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அவன் தாய்மொழியில் அவன் கைக்கு எட்டாத உரிமை, இருந்தும் இல்லாததே.

கருவி போதாது

"இதற்கெல்லாம் கருவிகள் வந்துவிட்டனவே" என்று சொல்பவர்களும் உண்டு. தரை ரேடார், ஓடுபாதையின் வாயிலில் எரியும் சிவப்பு விளக்கு வரிசை, விமானத்தை நெருங்கினால் தானே நிற்கும் வண்டி எல்லாம் வந்திருப்பது உண்மை. அவை அவசியமும்கூட. 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் லினாத்தே நிலையத்தில் கடும் மூடுபனியில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 118 பேர் இறந்தபோது, அங்கே செயல்படும் தரை ரேடாரே இல்லை. கருவி இல்லாததன் விலை அது. ஆனால் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கருவி இருந்தது. ஓடுபாதையில் வேறொரு விமானம் நிற்பதைத் திரையில் காட்டி எச்சரித்தும், கட்டுப்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை. இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் 379 பேரும் உயிர் தப்பியது பேரதிசயம். கடலோரக் காவல் விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டனர். கருவி எச்சரிக்கும். அதைக் கண்டு நடந்துகொள்ள வேண்டியவர் மனிதர். அவர் களைத்திருந்தாலும் பயந்திருந்தாலும் கருவியால் பயனில்லை.

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் நாம். தெரியாத மொழியில் தலையாட்டிவிட்டுப் பிறகு விழித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கடையில் என்றால் கத்தரிக்காய்க்குப் பதில் வேறு காய் வரும், அவ்வளவுதான். ஓடுபாதையின் ஓரத்தில் ரேடியோவில் "நில்" என்றதை "செல்" என்று புரிந்துகொண்டால்? தமிழனோ, பீகாரியோ, ஒடியாக்காரரோ, ரேடியோவில் வரும் குறிப்பிட்ட ஆங்கிலச் சொற்களை அவர் பொருள் அறிந்து திருப்பிச் சொல்கிறாரா என்று சோதித்த பிறகே அவர் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

நாம் என்ன செய்யலாம்?

மும்பை நிலையத்தில் ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடிகிறது. நெரிசலோ சொல்லி முடியாது. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை நிலையமும் இயங்கத் தொடங்கியிருக்கிறது. அங்கே புதிய வண்டிகள், புதிய டிரைவர்கள். நல்ல பழக்கங்களைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்த இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆகவே நம் சங்கம் மற்ற மொழிச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு மனு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று கோரிக்கைகள் போதும். விமானத்தின் அருகே வண்டி ஓட்டுவோரின் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் விமானிகளுக்கு உள்ளது போன்ற கண்டிப்பான வரம்பு வேண்டும். மோதலைத் தானாக வந்து சொல்பவரின் வேலைக்கு எழுத்து மூலமான பாதுகாப்பு வேண்டும், அது காண்ட்ராக்ட் ஆளுக்கும் பொருந்த வேண்டும். விபத்து விசாரணையில் டிரைவரின் பெயரோடு நின்றுவிடாமல், அவரது ஷிப்ட் பட்டியல், பயிற்சி, வண்டியின் பராமரிப்பு ஆகியவற்றையும் வெளியிட வேண்டும்.

பயணிகளாகிய நமக்கும் சில கடமைகள் உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கி விமானத்துக்கு நடக்கும்போது காட்டிய வழியிலேயே நடக்க வேண்டும். படம் எடுப்பதற்காகக் கோட்டைத் தாண்டக் கூடாது, குழந்தைகளின் கையை விடக் கூடாது. சன்னல் வழியாக ஒரு வண்டி விமானத்தில் இடிப்பதைப் பார்த்தாலோ, நிற்கும் விமானம் சட்டென்று அதிர்ந்தது போல் தோன்றினாலோ, "நமக்கேன் வம்பு" என்று இராமல் விமானப் பணிப்பெண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும். தவறாக இருந்தால் போகட்டும், யாரும் சிரித்துவிட மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "விமானத்தில் ஒரு வண்டி உரசிவிட்டது, சோதனை முடிய இரண்டு மணி நேரமாகும்" என்று அறிவிப்பு வந்தால், நம்மவர்களில் சிலர் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் சண்டைக்குப் போகிறார்கள். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்! யாரோ ஒரு டிரைவர் தன் வேலையைப் பணயம் வைத்து உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்றுதான் அந்த அறிவிப்புக்குப் பொருள். அந்த இரண்டு மணி நேரம் நம் பிள்ளைகளின் உயிருக்காக அவர் வாங்கிக் கொடுத்தது. அதைப் பொறுத்துக்கொள்ளும் பயணிகள் பெருகினால், உண்மையைச் சொல்லும் டிரைவர்களும் பெருகுவார்கள்.